ஒரு தாள் குறைந்தது

எங்கள் அச்சகத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நிலைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்து கையில் மை ஒட்டுவதற்குள் வேறு பெயர் ஒட்டிவிடும். பைண்டிங்கில் இருந்த பருத்த மனிதருக்குப் பிளாங்கெட் என்று பெயர். மிஷினில் ஓர் உருளையைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருக்கும் தடித்த ரப்பர் விரிப்பைத்தான் அப்படிச் சொல்வோம். இவரும் உட்கார்ந்த இடத்தைப் போர்த்திக்கொள்கிற ஆள். சூப்பர்வைசர் பவுடர். ஈர மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமலிருக்க மிஷின் கொஞ்சம் பவுடர் தூவும். இவர் முகத்தில் தூவிக்கொண்டு வருவார். நான் கட்டிங். வெட்டுகிற மிஷினில் நின்றதால் வந்த பெயர். பேச்சும் அப்படித்தான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மிஷின் ஓட்டுகிறவர் கிரிப்பர். தாள் மிஷினுக்குள் நுழையும்போது அதன் முன் விளிம்பை வரிசையாக இருக்கும் இரும்பு விரல்கள் பிடித்துக்கொள்ளும். அச்சு விழுந்து அந்தப் பக்கம் போகிறவரை விடாது. அந்த விரல்களுக்குத்தான் கிரிப்பர் என்று பெயர். அதை இந்த மனிதருக்கு வைத்தவன் ஆளைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறான். நல்ல தொழில்காரர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். சந்தேகத்தைப் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் இருவருக்கும் ஒரே வரிசையில் வீடு. நீளமான ஒரே கூரை, அதன்கீழ் ரயில்பெட்டி மாதிரி அறைகள், வாசலை ஒட்டிச் சாக்கடை, கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அச்சகத்தில் நடந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குள் நடந்ததைக் கிரிப்பரின் மனைவி என் வீட்டுக்காரியிடம் சொன்னாள். மற்றவர்கள் சொன்ன எதையும் இதில் சேர்க்கவில்லை. ஊரில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள், மீதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டு வந்து நம்மிடம் சொல்வார்கள்.

கிரிப்பர் வீட்டில் தாள் இல்லாத இடம் கிடையாது. அச்சடித்த பெரிய தாளை மடித்தால்தான் புத்தகத்தின் பக்கங்கள் வரிசைக்கு வரும். அப்படி மடித்த ஒன்றுக்கு ஃபாரம் என்று பெயர். அந்த மடிப்பு வேலையை அவர் மனைவியும் மகளும் வீட்டில் செய்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, தாளை மடக்கி, வழவழப்பான மரத்துண்டால் ஓர் இழுப்பு. மறுபடி மடக்கி, மறுபடி ஓர் இழுப்பு. அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். அலமாரித் தட்டிலும் பானைக்கு அடியிலும் சாப்பிட உட்காரும்போது தரையிலும் அச்சகத்து வேஸ்ட் தாள்தான். மை சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரே தாளைப் பல வேலைகளுக்கு உள்ளே விட்டு எடுப்போம். அதனால் கணக்குப் புத்தகத்தின் மேல் இருமல் மருந்து விளம்பரமும், அதன் மேல் யாரோ ஒரு தலைவரின் சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்பின் மேல் தட்டை வைத்துச் சாப்பிடுவார்கள்.

மகள் உருவத்தில் அப்பனேதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தாள். பிளாங்கெட் பார்த்துவிட்டு, "யோவ், உன்னை மிஷின்ல போடறதுக்கு முன்னால எடுத்த புரூஃப்யா இது" என்றார். முதலில் சரிபார்க்க அடித்து எடுக்கும் மாதிரித் தாளைத்தான் புரூஃப் என்போம். அன்றிலிருந்து அவள் புரூஃப். வளர்ந்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற படிப்பைப் படித்து முடித்தாள். அரசாங்க வேலை கிடைக்க ஒரு பரீட்சை எழுத வேண்டும். முதல் தடவை எழுதினாள், தேறவில்லை. அதைக் கிரிப்பர் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம் நான் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். காற்றில் ஈரம் ஏறித் தாள்கள் ஓரம் சுருண்டு கிடந்தன. புரூஃப் மடித்துக்கொண்டே தாளில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தாள். கிரிப்பர் ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"பாரு கட்டிங்கு, மடிக்கிற வேகத்தை. ஒரு தாளுக்கு ஒரு வருஷம்."

"ஈரமா இருக்குப்பா. அழுத்தி இழுத்தா கிழியுது."

"கிழிக்கறது உனக்குப் புதுசா? பரீட்சையையே கிழிச்சவ ஆச்சே."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "சாப்பிடற நேரத்துல அதை எடுக்கலன்னா உங்களுக்கு இறங்காதா?" என்றாள்.

"நான் உள்ளதைச் சொல்றேன். வேஸ்டாப் போன தாளை எத்தனை தடவை உள்ள விட்டாலும் எழுத்து மேல எழுத்துதான் விழும். படிக்க முடியாது."

புரூஃப் மரத்துண்டை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். தாள் கிழிந்தது. அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

அவள் மறுபடியும் விண்ணப்பித்திருந்தாள். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. தேறினால் சொல்லிக்கொள்ளலாம், தேறாவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கூலிக்கு மடிக்கிற இந்தத் தாள்களை விட்டு எழுந்து போக அவளுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

அந்த மழையோடுதான் கேள்வித்தாள் வேலை வந்தது. வருஷத்தில் ஒன்றிரண்டு முறை எங்கள் அச்சகத்துக்கு இந்த மாதிரி வரும். ஜன்னல்களுக்குத் தாள் ஒட்டிவிடுவார்கள். செல்போன்களை வாங்கி மேஜையில் வைத்துப் பூட்டுவார்கள். வெள்ளைத்தாள் எத்தனை உள்ளே வந்தது, நல்லது எத்தனை, வீணானது எத்தனை என்று கடைசியில் எண்ணிக்கை நேராக வர வேண்டும். மை அப்பிக் கருப்பாய்ப் போன தாளும் எண்ணிக்கையில் உண்டு. கூடவே ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை வந்தவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் திருடுவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரிப் பார்த்தார். எனக்கும் அவர்மேல் நல்ல எண்ணம் வரவில்லை.

வேலை தொடங்குமுன் பவுடர் எங்களை வரிசையாக நிறுத்தினார். "ஆஸ்பத்திரி லேப் வேலைக்கான பரீட்சை இது. உங்க வீட்ல யாராவது எழுதறாங்களா? எழுதினா இப்பவே சொல்லிட்டு வெளிய போயிடணும். அதான் சட்டம்."

 கிரிப்பர் மட்டும், "எங்க வீட்ல ஒண்ணு எழுதிக் கிழிச்சது போதும். இனிமே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குடைக்கார அதிகாரிகூடச் சிரித்தார். பவுடர் மட்டும் கிரிப்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினார்.

ஈரத்தில் தாள் உப்பியிருந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், மிஷின் நின்றுவிடும். ஊதிப் பிரித்து அடுக்குவார்கள், மறுபடி ஓடும். ஒரு மூலையில் எழுத்து வெளுத்து விழுந்தது. கிரிப்பர் மிஷினை நிறுத்திச் சரிசெய்து மறுபடி ஓட்டினார். அந்த மிஷினின் மூச்சு அவருக்குத்தான் தெரியும். காது கொடுத்துக்கொண்டே நிற்பார். மத்தியானம் நின்றுகொண்டே ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றோம். விரலெல்லாம் மை என்பதால் முட்டையை அவர் தாளில் பிடித்துத் தின்றார். அந்தத் தாளையும் அதிகாரி வாங்கி எண்ணிக்கையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் புரூஃப் வந்தாள். முன்பே அடித்து முடித்திருந்த ஒரு பள்ளிப் புத்தகத்தின் தாள்கட்டு மடிப்புக்குப் போக வேண்டியிருந்தது. அதை எடுத்துப்போக எப்போதும்போல் வந்துவிட்டாள். கட்டு கிடந்தது உள்ளறையில். வீணான கேள்வித்தாள்களை அடுக்கி வைத்திருந்ததும் அங்கேதான். அதிகாரி டீ குடிக்க எழுந்து போயிருந்தார். கதவில் நின்ற பைண்டிங் ஆள், தெரிந்த பெண்தானே என்று உள்ளே விட்டான். அவள் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, மழையில் போனாள். இதைப் பத்துப் பேர் பார்த்தோம். அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். ஒரு தாள் குறைந்தது.

மறுபடி எண்ணினார்கள். பிளாங்கெட் எண்ணினார், பவுடர் எண்ணினார், அதிகாரி எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார். குறைந்தது. மிஷினுக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தோம், மைத் தகரங்களை நகர்த்திப் பார்த்தோம். எங்கள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கிழவர்கள் எல்லோரும் பனியனோடு சுவரோரம் நின்றோம். பிளாங்கெட்டின் வயிற்றைப் பார்த்து, வேறு நாளாயிருந்தால் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் பவுடர் வாயைத் திறந்தார். மிக மெதுவாக.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு இந்தப் பரீட்சை எழுதுதே? போன மாசம் விண்ணப்பத்துக்கு போட்டோ எடுக்க என் மச்சான் ஸ்டுடியோவுக்கு வந்துதாமே."

கிரிப்பர் அவரைப் பார்த்தார். "யாரு, என் பொண்ணா? இருக்காது."

"காலையில நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"எனக்கே தெரியாததை நான் எப்படிய்யா சொல்றது?"

அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "மத்தியானம் தாள்கட்டு எடுக்க வந்தது அந்தப் பொண்ணுதானே? உள்ளறைக்குப் போனாளா? யார் விட்டது?"

கதவில் நின்றவன் பிளாங்கெட்டின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அதிகாரி டீக்குப் போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யார் கேட்பது?

கிரிப்பர் முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன். சுவரில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல், "வாங்க சார். என் வீட்டை நானே திறந்து காட்டறேன்" என்று முன்னால் நடந்தார். அதிகாரியும் பவுடரும் பின்னால் போனார்கள். நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மழை விட்டிருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் வாளிகளோடு அங்கே நின்றார்கள். புரூஃப் வாசலில் உட்கார்ந்து, கொண்டுவந்த கட்டைப் பிரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. உன் பெட்டி எங்க?"

"என்னப்பா?"

"பெட்டி எங்கேன்னு கேட்டேன்."

அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கக் கவிழ்த்தார். புடவைகள், உள்துணி, வளையல், ஒரு சோப்புக் கட்டி, படித்த புத்தகங்கள். ஈரத்தரையில் எல்லாம் விழுந்தன. உள்துணியை அவள் ஓடிவந்து காலால் மறைத்தாள். கடைசியாகப் புத்தகத்துக்குள்ளிருந்து அவளுடைய ஹால் டிக்கெட் விழுந்தது. தேடிய தாள் இல்லை. தாள்கட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். அதிலும் இல்லை.

ஆனால் அந்த ஹால் டிக்கெட்டை எடுத்துக் கிரிப்பர் பார்த்த பார்வையில், தாளே கிடைத்துவிட்டது மாதிரி இருந்தது.

"இது என்னடி?"

அவர் மனைவி குறுக்கே வந்தாள். "நான்தாங்க சொல்ல வேண்டாம்னேன். சொன்னா நீங்க..."

"நீ சும்மா இரு. ஏன் மறைச்சே?"

"சொன்னா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்ப்பா. அதான்" என்றாள் புரூஃப்.

அதிகாரி கேட்டார். "அம்மா, கேள்வித்தாள் எடுத்தியா?"

"இல்ல சார். அங்க கேள்வித்தாள் இருந்துதுன்னே எனக்குத் தெரியாது."

அதிகாரிக்கும் குழப்பம்தான். அவர் கிரிப்பர் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்தே கேட்டார். "உங்க பொண்ணு. நீங்க என்ன சொல்றீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். குழாயடியில் ஒரு வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

"எடுத்திருப்பா சார்" என்றார் கிரிப்பர். "எடுக்கக்கூடியவதான்."

புரூஃப் அழவில்லை. குனிந்து துணிகளைப் பொறுக்கினாள். அதிகாரி ஹால் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பெத்த அப்பாவே சொல்றாரு. விசாரணை முடியறவரைக்கும் இது எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு விசாரணை என்று எதையும் நான் பார்க்கவில்லை. எங்கள் அச்சகத்தில் அடித்த கேள்வித்தாள்களை அழித்துவிட்டு, வேறு கேள்விகளை வேறெங்கோ அடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடப்பதில் மாற்றமில்லை. முதலாளி மூச்சு விட்டார். எல்லோருக்கும் முடிந்துபோன விஷயம் அவளுக்கு மட்டும் முடியவில்லை. அவள் போட்டோ ஒட்டிய ஹால் டிக்கெட் அந்த ஆபீசில் கிடந்தது.

அவர்கள் வீட்டில் மரத்துண்டின் சத்தம் நிற்கவில்லை. முன்பைவிட வேகமாகவே கேட்டது. பேச்சுச் சத்தம்தான் இல்லை. சோற்றை வைத்துவிட்டு மனைவி வாசலுக்குப் போய்விடுவாள். மகள் குழாயடிக்குக் கூட்டம் கலைந்த பிறகுதான் போவாள். என் வீட்டுக்காரி ஒருநாள் அவளுக்கு ஒரு வாளி தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். "வேண்டாம் அத்தை, பிடிச்சதையும் எடுத்துட்டேன்னு சொல்லுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். வீட்டுக்காரி வந்து என்னைத் திட்டினாள், நான் என்னவோ செய்த மாதிரி.

கிரிப்பர் வேலையில் முன்பைவிடக் கடுகடுவென்று இருந்தார். தான் சொன்னது சரி என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது போலிருக்கிறது. "வீட்டுக்குள்ளயே ஆள் இருந்தா பூட்டு எதுக்கு?" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

வியாழக்கிழமை, சோப்பு உறை அடித்துக்கொண்டிருந்தபோது தாள் மடங்கிக் கொத்தாக உள்ளே போய்விட்டது. படாரென்று ஒரு சத்தம். ரப்பர் விரிப்பில் பள்ளம் விழுந்தது. அப்படிப் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் எழுத்து விழாது, பிளாங்கெட்டைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். கிரிப்பர் கழற்ற உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் வெட்டவேண்டிய தாள் கேட்டுப் போனேன். மிஷின் நின்றிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள்.

"என்னய்யா, தூங்கிட்டியா?"

தாளைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு பதில்கள்.

இதைத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் விரிப்புக்கு அடியில் தாள்களை வைத்துக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்போம். அதற்குப் பேக்கிங் என்று பெயர். எங்காவது எழுத்து வெளுத்தால் இன்னொரு தாளை உள்ளே சொருகினால் அழுத்தம் கூடும், எழுத்து கருக்கும். கைக்கு எட்டின வேஸ்ட் தாளைத்தான் எடுப்போம். நல்ல தொழில்காரன் அதை யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். அன்றைக்கு மூலையில் எழுத்து வெளுத்தபோது கிரிப்பரின் கை அதைச் செய்திருக்கிறது.

"நான்தான் வெச்சிருக்கேன்" என்றார். "வெச்சது ஞாபகமே இல்ல, கட்டிங்கு. இப்பகூட ஞாபகம் வரல."

 அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நீ இதைப் பாத்தியா?"

"நீதானே காட்டினே."

"பாக்கலன்னு வெச்சுக்கயேன்."

"வெச்சுக்கறேன். உன் பொண்ணு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. அவர் கழுத்து, காது எல்லாம் கருத்துப்போயிருந்தன. தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அதற்குள் பவுடர் வந்துவிட்டார். அவர் பார்த்ததும் சேதி முதலாளிக்குப் போனது. முதலாளி எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். முதலாளி, அவ்வளவுதான்.

"அதைத் துண்டாக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு வேலையப் பாருய்யா. எல்லாம் அடங்கிப்போச்சு. கேள்வித்தாள் இத்தனை நாள் நம்ம மிஷினுக்குள்ளயே இருந்துச்சுன்னு தெரிஞ்சா இனிமே ஒரு வேலை தரமாட்டான்."

"என் பொண்ணு மேல பழி இருக்குங்க."

"யாரு போட்ட பழி? நானா சொன்னேன்? அவரா சொன்னாரு?" பவுடரைக் காட்டினார். "நீயே சொன்னே. பொண்ணுக்கு அடுத்த வருஷமும் பரீட்சை வரும். உனக்கு இந்த வயசுல வேற மிஷின் வருமா?"

கிரிப்பர் நின்றார்.  அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. நல்லதைத்தான் யோசித்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு மை துடைக்கிற துணியை முதலாளியின் மேஜை மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். "என்கூட வர்றியா?" என்றார் என்னிடம். அவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதிகாரியின் ஆபீசில் மின்விசிறிக்கு அடியில் வெகுநேரம் நின்றோம். கூப்பிட்டார். கிரிப்பர் தாளை மேஜையில் வைத்தார்.

"பேக்கிங்ல இருந்துச்சு சார். பிளாங்கெட்டுக்கு அடியில. இம்ப்ரெஷன் குறைஞ்சதால நான்தான் சொருகிட்டேன்."

"என்னய்யா சொல்றே? தமிழ்ல சொல்லு."

கிரிப்பர் மறுபடி அதையே சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. கிரிப்பர் மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, அதன்மேல் ஒரு தாளைச் சுற்றி, அதன்மேல் தன் கைக்குட்டையைச் சுற்றி, குழந்தைக்குக் காட்டுவது மாதிரிக் காட்டினார். "இது உருளை. இது ரப்பர். நடுவுல இந்தத் தாள்." பாட்டில் நழுவி உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்குப் பொண்ணு எடுத்தான்னே. இன்னைக்கு நான் வெச்சேங்கறே. பொண்ணுக்காக எங்கயோ இருந்து கொண்டுவந்து கதை சொல்றியா? எதை நான் நம்பறது?"

 நான் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பிளாங்கெட்டின் முதுகில் துணிதான் இருக்கும். அந்தத் துணியின் நெசவு தாள் முழுக்க அழுந்திப் பதிந்திருந்தது. தாளும் உருளையின் வளைவிலேயே வளைந்து கிடந்தது, மேஜையில் வைத்தால் படியவில்லை. அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே போனார், யாரிடமோ பேசினார், வந்தார். இழுப்பறையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துப் போட்டார்.

"பொண்ணை ஒழுங்கா எழுதச் சொல்லு" என்றார். பிறகு, "நல்ல அப்பன்யா நீ" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கிரிப்பர் ஹால் டிக்கெட்டை மை படாமல் இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார். தூறலுக்குச் சட்டைக்குள் வைத்தார். வியர்வை படும் என்று மறுபடி எடுத்தார். 

வீட்டில் அம்மாவும் மகளும் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிலைப்படியில் நின்று நீட்டினார். புரூஃப் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"அங்க வைங்க."

தாள்கட்டின் மேல் வைத்தார். "மிஷின்லயே இருந்துச்சு. பேக்கிங்ல. நான்தான் வெச்சு மறந்துட்டேன்."

மரத்துண்டு நின்றது. முதலில் வெடித்தவள் மனைவிதான். "அவ உள்பாவாடையைத் தெருவுல கொட்டினீங்களே, அதையும் மறந்துட்டீங்களா? இத்தனை வருஷம் உங்க வாய்க்குப் பயந்து..."   முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

"விடும்மா" என்றாள் புரூஃப். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "தாளை வெச்சது தப்பு இல்லப்பா. வேலையில மறக்கறதுதான். ஆனா அந்த ஆளு கேட்டப்ப நீங்க மறந்து சொல்லலியே. நல்லா ஞாபகத்தோடதானே சொன்னீங்க?"

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"குழாயடியில அத்தனை பேரும் கேட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தபோது கிரிப்பர் குழாயடிக்கு வந்தார். ஆண்கள் அங்கே வருவதில்லை. கையில் வாளியும் இல்லை. துவைத்த சட்டை போட்டிருந்தார். பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். நான் பல் துலக்கிக்கொண்டே என் வாசலில் நின்றேன்.

"அன்னைக்குக் காணாமப் போன தாள் கிடைச்சிருச்சு" என்றார். யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் குழாயைப் பார்த்துச் சொன்னார். "பேக்கிங்ல இருந்துச்சு. அதாவது பிளாங்கெட்டுக்கு அடியில அழுத்தம் கூட்டறதுக்கு..."

"என்ன போர்வைக்கு அடியிலே?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கோடிவீட்டுக்காரி, அந்த வரிசைக்கே மூத்தவள், வாளியைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? பொண்ணு எடுத்தாளா, இல்லையா? அதைச் சொல்லு."

"எடுக்கலக்கா."

"அப்ப ஏன் எடுத்தான்னு சொன்னே?"

கிரிப்பர்  என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்யமுடியும்? வாயில் நுரையோடு நின்றேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா."

"அவளை நான் நம்பலக்கா" என்றார். "எப்பவுமே நம்பினதில்ல. அதான் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோடிவீட்டுக்காரி குனிந்து வாளியை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள்.

அப்போது புரூஃப் வாளியோடு வந்தாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். கூட்டம் இருக்கும்போதே அவள் வந்தது அந்த வாரத்தில் அன்றைக்குத்தான். பெண்கள் வழிவிட்டார்கள். "நீ முதல்ல பிடிச்சுக்கம்மா" என்றார்கள். அவள் கடைசியில் போய் நின்றாள். முறை வரும்வரை நின்றாள். கிரிப்பரும் நின்றார், போகவும் இல்லை, இருக்கவும் தெரியவில்லை.

வாளி நிரம்பியது. அவர் குனிந்து பிடியைத் தொட்டார். அவள் அவர் கைக்கு முன்னால் வாளியைத் தூக்கி, மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நனைஞ்சிடும், தள்ளி நில்லுங்க" என்றாள்.

சிந்திய தண்ணீர் அவர் காலில் பட்டது. அவள் படிக்க வேண்டியது நிறைய இருந்தது. வேகமாக நடந்து உள்ளே போனாள்.